கைக்குழந்தையோடு பத்தாம் வகுப்பு

பஸ் வேலையை விட்டு வருஷக்கணக்காகியும் அவளை எல்லோரும் கண்டக்டரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். டிக்கெட் கிழித்த காலத்திலேயே ஒரு விஷயம் அவள் கண்ணை உறுத்தியது. எட்டாவது வரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்த பெண்பிள்ளைகள் ஒன்பதாவதில் பஸ்ஸில் காணாமல் போனார்கள். "படிப்பு ஏறல" என்று ஊர் சொல்லிவிட்டது. ஊருக்கென்ன, வாய் இருக்கிறது. அவள் வீடுவீடாகப் போய்ப் பார்த்தாள். ஒவ்வொருத்தி இடுப்பிலும் ஒரு தம்பியோ தங்கையோ இருந்தது. அம்மா வேலைக்குப் போனால் வேறு யார் பார்ப்பது?

இவர்கள் படிக்க டியூஷன் வேண்டாம், குழந்தைகள் காப்பகம்தான் வேண்டும் என்று அவளுக்குப் பட்டது. சொன்னதும் புருஷனே சிரித்தான். உயர்நிலைப் பள்ளியின் பழைய சைக்கிள் ஷெட்டை விடாமல் கேட்டு வாங்கி, கழுவி, பாய் விரித்தாள். டீச்சர்களின் குழந்தைகளுக்கு முழுக் கட்டணம். அந்தக் காசில் மாணவிகளின் தம்பி தங்கைகளுக்குப் பால். யாரிடமும் கையேந்தவில்லை.

பிறகு புது ஹெட்மாஸ்டர் வந்தார். அழுகைச் சத்தம் அவருக்கு ஆகவில்லை.

"பொதுத்தேர்வு நேரம்மா. இது ஸ்கூலா, ஆஸ்பத்திரி வார்டா? நாளைக்கே காலி பண்ணுங்க."

"பண்ணினா பத்தாவது பொண்ணுங்க வீட்டோட நின்னுடும் சார்."

"அது அவங்க வீட்டுப் பிரச்சினை."

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனாலும் ஷெட்டைப் பூட்டிச் சாவியை அவர் மேசையில் வைத்தாள். சாயங்காலமே மாணவிகளின் வீட்டுப் படியேறினாள்.

"நாளைக்கு ஒருத்தியும் லீவு போடக் கூடாதுடி. குழந்தையைத் தூக்கிட்டு வகுப்புக்கே போங்க. கேட்டா, வீட்டுப் பிரச்சினையைக் கூட்டிட்டு வந்திருக்கோம்னு சொல்லுங்க."

மறுநாள் பத்தாம் வகுப்பில் பெஞ்சுக்கு ஒரு குழந்தை. ஒன்று சாக்பீஸைத் தின்றது. ஒன்று அறிவியல் புத்தகத்தை நனைத்தது. கணக்கு டீச்சரும் தன் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு, சிரிப்பை அடக்கியபடி முக்கோணம் வரைந்தார். ஹெட்மாஸ்டர் வாசலில் நின்று முறைத்துப் பார்த்தார். எந்தப் பெண்ணும் எழுந்து போகவில்லை.

மதியத்துக்குள் அவரே சாவியோடு பள்ளி கேட்டுக்கு வந்தார். கண்டக்டரம்மா காலையிலிருந்து அங்கேதான் நின்றிருந்தாள்.

"இந்தாங்கம்மா. தேர்வு முடியிற வரைக்கும்."

அவள் கை நீட்டவில்லை.

"அடுத்த வருஷமும் பத்தாவது இருக்குல்ல சார்? நானும் இருப்பேன். அப்படியே ஷெட்டுக்கு ஒரு ஃபேனும் போட்டுக் கொடுங்க. வெக்கையில பிள்ளைங்க அழுதா உங்களுக்குத்தான் தலைவலி."