தேயிலைப் பெட்டித் தாள்

அத்தைக்கு நெஞ்சில் சளி கட்டியிருந்தது. மழையில் நனைந்து கொழுந்து பறித்தால் அடுத்த மழைக்காலத்தைப் பார்க்கமாட்டாள் என்று மருந்துக் காம்பராவில் கைவிரித்துவிட்டார்கள். அப்புத்தளைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் மழை இல்லாத மாதங்களை எண்ணுவதுதான் சுலபம். அதனால் துரைசாணியின் தையல் மெஷினே அத்தைக்குக் கடைசிப் பிடி. தன் பிள்ளையின் ஞானஸ்நான அங்கியில் மெஷினிலேயே பூவேலை செய்து காட்டினால், பங்களாத் தையலுக்கே வைத்துக்கொள்வதாகத் துரைசாணி சொல்லியிருந்தாள். அத்தை பங்களாவின் பின்கட்டிலேயே தங்கித் தைத்தாள்.

அங்கித் துணியோ மூச்சுப் பட்டால் பறக்கும் மல். வளையத்தில் எவ்வளவு இறுக்கினாலும் ஊசி இறங்கியதும் சுருங்கிக்கொண்டது. அடியில் எதையாவது வைத்துத் தைத்து, பிறகு கிழித்தெடுக்க வேண்டும். அதற்கென்று கொழும்பிலிருந்து வரவேண்டிய மெல்லிய தாள், மண்சரிவில் ரயில் நின்றதால் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் குடியிருந்த லயத்துக்கு வந்த அத்தை இதையே சொல்லிப் புலம்பினாள்.

"கஞ்சி போட்டு விறைக்க வச்சா?" என்றாள் அம்மா.

"இந்த மழையில எங்க காயும் அண்ணி? பூஞ்சணந்தான் பூக்கும்."

"பழைய பேப்பரு?"

"மை ஒட்டிக்கும்."

தேயிலை ஸ்டோரில் பெட்டி கட்டும் சித்தப்பா, தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கும் வெள்ளைத் தாள் கொஞ்சம் கொண்டுவந்தார். "தூசியெல்லாம் தட்டிட்டேன்க்கா. தைச்சுக் குடு. துரைசாணி அசந்துபோயி மெஷினையே உனக்குச் சீதனமா குடுத்துருவா."

"உன் வாயில கஞ்சிய ஊத்த!" அத்தை சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது.

துண்டுத் துணியில் தைத்துப் பார்த்தாளாம். சுருக்கம் இல்லை. இழுத்ததும் தாள் தையலோரமாகச் சுத்தமாகக் கிழிந்ததாம். நனைத்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை. எங்கள் உடம்பு, உடுப்பு, சோறு எல்லாவற்றிலும் தேயிலை வாசம். அந்தத் தாளில் மட்டும் அதை எப்படி மோந்து கண்டுபிடிப்பது?

ஞானஸ்நானத்துக்கு முந்திய நாள் பட்டப்பகலில் அத்தை திரும்பி வந்தாள். வாசலில் நின்றபடியே அம்மாவிடம் சொன்னாள்.

"பூவெல்லாம் நல்லாத்தான் வந்துச்சு அண்ணி. தையலுக்குள்ள சிக்கின தாளு வரல. போனாப் போவுதுன்னு தண்ணி தெளிச்சு இஸ்திரிப் பெட்டிய வச்சேன். சாயம் எறங்கிருச்சு. தேயிலைச் சாயம்."

"துவைச்சாப் போகாதா?"

"துவைக்கத் துவைக்கப் பரவுது. துரைசாணி திட்டக்கூட இல்ல. அங்கிய மடிச்சு வச்சுட்டு, நாளைக்கி மலைக்குக் கொழுந்து பறிக்கப் போன்னுட்டா."

அம்மா, கொழுந்து பறிக்கப் போகும்போது தான் போர்த்தும் பழைய கம்பளியை எடுத்து உதறி, அத்தைமேல் சுற்றிப் பார்த்தாள். இரண்டு சுற்றுச் சுற்றியும் மீந்தது.

எனக்கோ கொண்டாட்டம். "அத்தை இனிமே இங்கதான்! எங்க காம்பராவுலதான்!" என்று லயம் முழுக்கக் கூவிக்கொண்டு ஓடினேன். கதவுக்குக் கதவு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர்களில் ஒருத்திகூட ஏன் சிரிக்கவில்லை என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.