நிலக்கரி ஊருக்குப் போன பதினொரு பேர்

நான் ஒருநாளும் கண்ணால் பார்க்காத ஊர் ஒன்று எனக்குத் தெருத்தெருவாகத் தெரியும். அது தென்னாப்பிரிக்காவில் நெட்டால் சீமையில் இருந்த ஒரு நிலக்கரி ஊர். கப்பல் இறங்கும் துறையிலிருந்து ரயிலேறி மலைப்பக்கம் போகவேண்டுமாம். எங்கள் ஊரிலிருந்து பதினொரு ஆண்பிள்ளைகள் அங்கே போயிருந்தார்கள். அவர்கள் போட்ட கடிதங்களை வீடு வீடாகப் படித்துச் சொல்வதும், வீட்டார் சொல்வதைப் பதிலாக எழுதுவதும் என் தலையில் விழுந்த வேலை.

எங்கள் ஊர் சேரன்மாதேவிக்குக் கீழே, தாமிரபரணிக் கரைப் பக்கம். நான் அங்கே பள்ளிக்கூடத்து வாத்தியார். எனக்கு மேலேயும் ஆள் கிடையாது, கீழேயும் ஆள் கிடையாது. ஆறு ஓடுகிற ஊரில் பிறந்தவனுக்குக் கப்பலேற என்ன தலையெழுத்து என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ஆறு ஓடினால் போதுமா? கால்வாய்த் தண்ணீர் கடைசி வயலுக்கு வந்து சேரவேண்டாமா? எங்களுடையது கடைசி வயல். இரண்டு வருஷம் கார் நெல் கருகி, பிசான நெல்லும் பாதிக்குமேல் பதராய்ப் போனபோது, ஆள் சேர்க்கிற கங்காணி ஒருவன் வந்தான். ஐந்து வருஷ ஒப்பந்தம், கரும்புத் தோட்டத்தில் வேலை என்றான். அங்கே போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, கரும்பும் இல்லை, தோட்டமும் இல்லை, பூமிக்கு அடியில் குனிந்தபடி கரி வெட்டவேண்டும் என்று.

பதினொரு பேரில் எழுத்துத் தெரிந்தவன் ஒருவன்தான். எல்லா வீட்டுக் கடிதமும் அவன் கையால் எழுதியதுதான். அவன் எழுதுகிற விஷயத்தை வைத்தே அந்த ஊரின் பிறப்பு வளர்ப்பெல்லாம் நான் தெரிந்துகொண்டேன். முதலில் அங்கே கூடாரங்களும் ஒரு கிணறும்தான் இருந்தனவாம். பிறகு தகரக் கொட்டகைகள் வரிசையாக வந்தன. அந்த நாட்டுச் சூலு ஜனங்களுக்கு ஒரு பக்கம், நம்மவர்களுக்கு ஒரு பக்கம், துரைமார்களுக்கு மேட்டில் ஓட்டு வீடுகள். பம்பாய்ச் சேட்டு ஒருவர் பருப்பும் புளியும் விற்கக் கடை போட்டார். தகரத்தாலேயே மாரியம்மனுக்குக் கோயில் கட்டினார்கள். ஆடி மாசத்தில் வாளித் தண்ணீர் கல்லாக உறைந்துவிடுகிறது என்று எழுதியிருந்தான். அதைப் படித்தபோது எங்கள் தெருவே என்னைப் புளுகன் என்று சிரித்தது. நாலாவது வருஷம் ஒரு கடிதத்தில், "இப்போது இங்கே அம்பாசமுத்திரம் அளவுக்கு ஜனம் சேர்ந்துவிட்டது. பள்ளிக்கூடம் இன்னும் இல்லை. சுடுகாடு வந்துவிட்டது. ஆகையால் இது ஊர்தான்" என்று எழுதியிருந்தான். அந்த வரியை மட்டும் நான் யாருக்கும் படித்துச் சொல்லவில்லை.

ஒப்பந்தம் முடிந்தும் அவர்கள் வரவில்லை. வரி, கடன், இன்னும் ஒரு வருஷம் என்று ஏதோ காரணம். அப்படி ஆறாவது வருஷம் நடக்கும்போதுதான் சர்க்கார் ஜனக்கணக்கு எடுத்தது. எங்கள் ஊருக்குக் கணக்கெடுக்க என்னைப் போட்டார்கள். கூலி கிடையாது, கௌரவம் உண்டு என்றார் ரெவின்யூ இன்ஸ்பெக்டர். கௌரவம் என்றால் எனக்குக் கண் தெரியாது; சரி என்று தலையாட்டிவிட்டேன்.

முதல் சுற்று, தை மாசத்தில். கறுப்பு மையில் எழுதவேண்டும். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "வீட்டில் யார் யார் இருக்காங்க?" என்று கேட்டேன். எங்கள் பக்கத்துப் பெண்கள், வீட்டில் அரிசி தீர்ந்தால்கூட இல்லை என்று சொல்லமாட்டார்கள், நிறைஞ்சிருக்கு என்பார்கள். அரிசிக்கே அப்படி என்றால் புருஷனுக்கு? கடல் கடந்து போன ஆளை, விளக்கேற்றிய வீட்டு வாசலில் நின்றுகொண்டு இல்லை என்று எவள் சொல்வாள்? பதினொரு வீட்டிலும் ஒரே பதில்தான்: "இருக்காவ." எனக்கு உண்மை தெரியாதா? அவர்கள் கடிதத்துக்கெல்லாம் பதில் எழுதினவனே நான்தான். ஆனாலும் கை வரவில்லை. நானும் அந்த ஊர்க்காரன்தானே. பதினொரு பேரையும் இருக்கிறார்கள் என்று எழுதிவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் புத்தகத்தைப் புரட்டிவிட்டு என்னை வறுத்தெடுத்தார். "ஏன்வே, நெட்டாலில் கிடக்குதவனையெல்லாம் ஒம்ம ஊர்ல படுக்கவச்சு எண்ணுதீரே, ஒமக்குப் புத்தி இருக்கா?" என்றார். கணக்கெடுக்கிற அன்றைக்கு எந்த வீட்டில் சாப்பிட்டுப் படுக்கிறானோ அந்த வீட்டில்தான் அவனை எழுதவேண்டும் என்பது சட்டம். மாசி மாசம் கடைசிச் சுற்றுப் போகும்போது, இல்லாதவர்களைச் சிவப்பு மையில் அடித்துவிட்டு வரச் சொன்னார். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது எனக்கு. வாத்தியாருக்குப் புத்தி இல்லை என்று ஒருவன் சொல்வதா? இந்தத் தடவை ஒரு பிசகும் இருக்கக்கூடாது என்று கிளம்பினேன்.

விளக்கு வைக்கிற நேரம். தெருவின் முதல் வீடு அந்தப் பதினொரு வீட்டில் ஒன்று; அந்த வீட்டு அம்மாள் மகளுக்கு வளைகாப்புச் சீர் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அதற்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. கூடத்தில் வேப்பங்காப்பும் கண்ணாடி வளையலும் பரப்பியிருந்தன. முதல் பிரசவம், மகளுக்கு வயது பதினேழு. நான் புத்தகத்தை விரித்து, அந்த அம்மாளின் புருஷன் பேர்மேல் ஒரு சிவப்புக் கோடு இழுத்தேன்.

அவள் பதறிப்போனாள். "என்ன வாத்தியாரய்யா பண்ணுதிய? உசுரோட இருக்க மனுசனை இப்படி அடிக்கிதியளே, அதுவும் நல்ல காரியம் நடக்கப்போற வீட்டுல!"

"சட்டம் அம்மா. அவரை அங்கே எழுதிக்கொள்வார்கள்" என்றேன்.

"அங்கன எழுதட்டும். இங்கன ஏன் அடிக்கிய?"

அவள் கேட்டது நியாயம். நியாயமாக மடக்கினால் எனக்குக் கோபம் வரும். "எனக்குச் சட்டம் சொல்லித்தர வேண்டாம்" என்று சிடுசிடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். மற்றப் பத்துப் பேரையும் அடித்தேன். கோடெல்லாம் நேராக இருக்கவேண்டும் என்று அடிமட்டம் வைத்துக் கிழித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் வெறுப்பு வருகிறது.

வளைகாப்பு நடந்தது. அந்த அம்மாள்தான் பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, மகள் கைக்கு முதல் வளையல் போட்டாள். என்னையும் கூப்பிட்டாள், நான்தான் முறுக்கிக்கொண்டு போகவில்லை.

சித்திரை கடைசியில் தபால்காரர் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதம் கொண்டுவந்தார். அதே கையெழுத்துதான், ஆனால் கோணல்மாணலாக இருந்தது. பிள்ளைகளை வாய்ப்பாடு சொல்லச் சொல்லிவிட்டுப் பிரித்தேன். குழிக்குள் வாயு பற்றிக்கொண்டது. அந்த அம்மாளின் புருஷன் போய்விட்டார். எழுதினவனுக்குக் கை வெந்துவிட்டதால் இத்தனை நாள் எழுத முடியவில்லை. "தைப்பூசத்துக்கு எல்லாரும் காவடி எடுத்தோம். மறுநாள்தான் இது நடந்தது" என்று முடித்திருந்தான்.

தைப்பூசத்துக்கு மறுநாள். அப்படியானால் நான் கோடு கிழிப்பதற்கு மூன்று வாரத்துக்கு முன்பே அவர் இல்லை. மனசில் முதலில் ஓடினது இதுதான்; வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், ஒரு நிம்மதி வந்தது. என் கோடு யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை.

இரண்டாவதாகத்தான் மற்றது உறைத்தது. அப்படியானால் அந்த அம்மாள் வளைகாப்பன்று பூவும் பொட்டுமாக நின்று முதல் வளையல் போட்டபோது, அவள் தாலியறுத்தவள். எங்கள் ஊர் அதை விடாது. தெரியாமல் நடந்தது என்று யாரும் யோசிக்கமாட்டார்கள். மகளுக்கு மாசம் நிறைந்திருந்தது. பிரசவத்தில் ஒரு கோளாறு வந்தாலும், பிறந்த பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும், மகளின் மாமியார் வீட்டார் இந்த அம்மாளின் கையைத்தான் காட்டுவார்கள். அவளே தன் கையைப் பார்த்துப் பார்த்துச் செத்துப்போவாள்.

தேதியை மாற்றிச் சொல்லலாம். ஆனால் அவளைக் காப்பாற்றுகிற தேதி எதுவாக இருந்தாலும் அது வளைகாப்புக்குப் பிற்பாடு இருக்கவேண்டும். வளைகாப்புக்குப் பிற்பாடு என்றால் என் சிவப்புக் கோட்டுக்கும் பிற்பாடுதான். வாத்தியார் அடித்தார், ஆள் போய்ச் சேர்ந்தார் என்று ஊர் சொல்லும். ஒரு தேதி அவளுக்கு, ஒரு தேதி எனக்கு. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு தேதி இல்லை. வாய்ப்பாடு பதினாறாவது வரைக்கும் போகும்வரை உட்கார்ந்திருந்தேன்.

பிறகு எழுந்து அவள் வீட்டுக்குப் போய்ப் படித்தேன். "பங்குனி பிறந்து மூணாம் நாள்" என்று படித்தேன். சாவுச் செய்தி வந்த கடிதத்தை வீட்டில் வைக்கக்கூடாது, படித்ததும் கிழித்துவிடவேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த வழக்கத்தை அன்றைக்குக் கையெடுத்துக் கும்பிட்டேன். ஊரில் எழுத்துத் தெரிந்த இன்னொருவரான கர்ணம் வந்து வாங்கிப் பார்ப்பதற்குள் சுக்குநூறாகக் கிழித்துவிட்டேன்.

அந்த அம்மாள் அழவில்லை. விரலை மடக்கி நாள் எண்ணினாள். எண்ணி முடித்து என்னை நிமிர்ந்து பார்த்தாள். "மொத மொத அவியளத்தானே அடிச்சிய" என்றாள். அதற்குப் பிறகுதான் அலறினாள்.

அன்று ராத்திரியே நெட்டாலுக்கு எழுதினேன். இங்கே பங்குனி என்று சொல்லியிருக்கிறேன், காரணம் இது, நீங்களும் அப்படியே சொல்லவேண்டும் என்று. பதில் வர மூன்று மாசம் ஆயிற்று. "அண்ணாச்சி, மற்ற ஒன்பது பேரிடமும் சொல்லிவிட்டேன். பக்கத்துக் கொட்டகைக்காரர்களிடமும் சொல்லியாயிற்று. இந்த ஊரில் இனி யாரைக் கேட்டாலும் பங்குனிதான்" என்று எழுதியிருந்தான். முன்பின் தெரியாத தஞ்சாவூர்க்காரனும் வேலூர்க்காரனும்கூட அந்தத் தகரக் கொட்டகைகளில் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்திக்காக ஒரு பொய்யைக் காப்பாற்றினார்கள். அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு நான் அழுதேன். பிற்பாடு ஊர் திரும்பிய ஆறு பேரும் வாயைத் திறக்கவில்லை.

மகளுக்குச் சுகப்பிரசவம், பெண் குழந்தை. எனக்குத்தான் ஊரில் ஒரு பட்டப்பேர் ஒட்டிக்கொண்டது: கோட்டு வாத்தியார். பிள்ளைகளின் சிலேட்டில் தப்புக் கணக்கை அடித்தால்கூடத் தாய்மார்கள் சண்டைக்கு வந்தார்கள். கல்யாண வீடுகளில் என்னை முன்வரிசையில் உட்காரவைப்பதை நிறுத்தினார்கள். கௌரவத்துக்குச் செத்தவனுக்கு அது சின்ன விஷயமில்லை. எத்தனையோ தடவை, நடுத்தெருவில் நின்று தைப்பூசம் தைப்பூசம் என்று கத்திவிடலாமா என்று இருக்கும்.

ஐந்து வருஷம் கழித்து அந்த அம்மாள் பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். வெள்ளைச் சேலை. அத்தனை வருஷம் என்னோடு பேசாதவள். பேத்தியைச் சேர்க்க வந்ததாகச் சொன்னாள்.

"வாத்தியாரய்யா, மனசுல வச்சுக்கிடாதிய. ஒங்கள நான் மன்னிச்சுட்டேன்" என்றாள். "நீங்க வேணும்னா செஞ்சிய? சர்க்கார் சொன்னான், செஞ்சிய. என் மககாரியத்தைக் கண்ணு நிறையப் பாத்து, என் கையால வளையல் போட்டு முடிக்குத வரைக்கும் அவிய உசுரப் பிடிச்சுக்கிட்டு இருந்தாவளே, எனக்கு அது போதும்."

"பெரிய மனசு அம்மா உங்களுக்கு" என்றேன். கண் நிறைந்துவிட்டது.

"அட, விடுங்க. தெரியாம நடந்ததுக்கு அழுதா எப்படி?" என்று அவள் என்னைத் தேற்றினாள்.