லம்துவன் அக்கா மன்னிப்புக் கேட்ட விதம்

தாய்லாந்தின் நகோன் சவான் சந்தையில் பூமாலை கோக்கும் லம்துவன் அக்காவுக்கு நூலறுக்கக் கத்தரிக்கோல் தேவைப்பட்டதே இல்லை. இடப்பக்கத்துக் கோரைப்பல் போதும். ஒரே கடி.

அந்தப் பல்லைத்தான் டாக்டர் தீரபோங் பிடுங்கிப் போட்டார். வலித்ததோ பக்கத்துப் பல்! மரத்த வாய் தெளிந்ததும் வலி அப்படியே இருந்தது. திரும்பிப் போய்க் கேட்டவளை, "ரெண்டுமே சொத்தைதான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பிடுங்கிய பல்லை அக்கா கையோடு வாங்கி வந்திருந்தாள். பக்கத்துக் கடையில் மீன் வறுக்கிற எனக்குக் கெட்டது எது, நல்லது எது என்று பார்த்தாலே தெரியும். அந்தப் பல்லில் ஒரு புள்ளி கறுப்புக்கூட இல்லை.

பல்லைப் படமெடுத்து, டாக்டர் பெயரோடு ஃபேஸ்புக்கில் போட்டாள் அக்கா. "நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டார். இவரிடம் போகாதீர்கள்" என்று எழுதினாள். அவ்வளவுதான், அவதூறு வழக்கு வந்துவிட்டது.

"உண்மையா இருந்தாலும் கேஸ் நிக்கும் அக்கா," என்றார் போலீஸ்காரர். "ஊரு நல்லதுக்குத்தான் சொன்னேன்னு கோர்ட்ல நீங்கதான் காட்டணும். இல்லன்னா ஜெயில்கூட உண்டு."

"பல்லு போனது எனக்கு. மானம் போனது அவருக்கா தம்பி?"

கிள்ளியவனே ஐயோ என்று அலறினால் கிள்ளுப்பட்டவள் எங்கே போவாள்?

வழக்கை வாபஸ் வாங்க டாக்டர் ஒரு வழி சொன்னார். எங்கள் வழக்கப்படி தட்டில் பூமாலை வைத்து, மண்டியிட்டு, அவர் காலடியில் விழுந்து கும்பிட வேண்டும். "நான் சொன்னது பொய்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதுவும் கிளினிக் வாசலில், அவருடைய ஃபேஸ்புக் நேரலையில். மாலையும் அவள் கையாலேயே கோத்ததாக இருக்க வேண்டுமாம். என்ன திமிர்!

"போகாதக்கா," என்றேன்.

"போகலன்னா கோர்ட்டுக்கு அலையணும்டி. கடையை யாரு பாப்பா?"

மல்லிகையை எடுத்துக் கோத்தாள். நூலறுக்க என் மீன் கத்தரியை வாங்கிக்கொண்டாள். எத்தனையோ பேரின் மன்னிப்புக்கு மாலை கொடுத்த கை அது.

கிளினிக் வாசலில் நாற்காலி போட்டுச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தார் டாக்டர். உதவியாளன் கைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தான். அக்கா மண்டியிட்டுத் தட்டைத் தரையில் வைத்தாள். மாலை நடுவில் அந்தப் பல் இருந்தது.

டாக்டரைப் பார்க்காமல் தட்டைப் பார்த்துக் கை கூப்பினாள்.

"நல்லா இருந்த உன்ன இந்தாளு பிடுங்க விட்டுட்டேன். மன்னிச்சுடு. உன்னச் சொத்தைன்னு பொய் வேற சொல்ல மாட்டேன்." தலை தரையில் பட பல்லைக் கும்பிட்டாள்.

"நிறுத்துடா! கேமராவ நிறுத்து!" டாக்டர் துள்ளி எழுந்தார். உதவியாளன் வாய் பிளந்து நின்றானே தவிர நிறுத்தவில்லை.

அக்கா கைபேசியின் பக்கம் திரும்பி வாயை அகலத் திறந்து காட்டினாள். ஓட்டையும் தெரிந்தது, அதன் பக்கத்திலேயே கறுத்துப்போன பல்லும் தெரிந்தது. சந்தையே பார்த்தது.

வழக்கு இப்போது கோர்ட்டுக்குப் போகிறது. அக்கா வாய்தாவுக்குப் போகும் நாட்களில் கடையை நான் பார்த்துக்கொள்கிறேன். மல்லிகையில் கொஞ்சம் மீன் வாசம் அடித்தால் ஊர் பொறுத்துக்கொள்ளட்டும்.