டெல்லிக்குப் போகாத முன்கள ஆட்டக்காரர்

காலை 6.10. விழுப்புரத்தில் கும்பகோணம் வண்டி ஏறினேன். நெய்வேலி ஆர்ச் கேட்டுக்கு நாற்பத்தைந்து ரூபாய். ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதற்கே இரண்டு மணி நேரம் ஆகும், சாலை வேலை நடக்கிறது என்றார் கண்டக்டர். எந்த வருஷம் போனாலும் அந்தச் சாலையில் வேலை நடக்கிறது. தூறல் வேறு. ஜன்னல் ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டதால் பண்ருட்டி வருவதற்குள் இடது தோள் நனைந்துவிட்டது.

மடியில் என் கையெழுத்துப் பிரதி. இந்தியக் கால்பந்து அணி சர்வதேசப் போட்டிகளில் ஆடிய கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, நம் ஆட்கள் அதெல்லாம் ஆடுகிறார்களா என்று கேட்டார். இந்தக் கேள்விக்குக் கோபப்படுவதை நான் விட்டு நாளாயிற்று.

ஆடினார்கள். நாற்பத்தெட்டில் லண்டன் ஒலிம்பிக்ஸில் பலர் வெறுங்காலோடு இறங்கி, பிரான்ஸிடம் ஒரே கோல் வித்தியாசத்தில் தோற்றார்கள். ஐம்பத்தொன்றிலும் அறுபத்திரண்டிலும் ஆசிய விளையாட்டில் தங்கம். ஐம்பத்தாறில் மெல்போர்னில் நான்காவது இடம். அறுபதில் ரோமுக்குப் போய் வந்ததோடு ஒலிம்பிக்ஸ் முடிந்தது. இப்போது கோவாவில், நம் மண்ணிலேயே, சிங்கப்பூரிடம் தோற்று அடுத்த ஆசியக் கோப்பையும் கைநழுவிப் போயிற்று. புத்தகம் பின்னால் போகப் போக அத்தியாயங்கள் மெலிந்துகொண்டே வருகின்றன. எழுதுகிற எனக்கே சில நாள் எதற்கு இந்த வேலை என்று இருக்கிறது.

8.15. ஆர்ச் கேட்டில் கலைச்செல்வி குடையோடு நின்றாள். சுரங்க அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். எனக்குக் கடிதம் எழுதி வரவழைத்தவள் அவள்தான். அவளுடைய அப்பா தங்கராசு, சுரங்கத் தொழிலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர், எண்பத்திரண்டில் டெல்லி ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்கு ஆடினாராம். அவர் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. உங்கள் புத்தகத்திலாவது வரவேண்டும் என்று எழுதியிருந்தாள். அந்த அணியின் பட்டியல் என்னிடம் இருக்கிறது. அதில் தங்கராசு இல்லை. போனில் அதைச் சொல்லாமல், நேரில் வந்து பேசுகிறேன் என்று மழுப்பிவிட்டேன். கோழைத்தனம்தான்.

டவுன்ஷிப்புக்குள் சாலைகள் அளவெடுத்துப் போட்டதுபோல நேராகப் போகின்றன. ஒரே மாதிரி குவார்ட்டர்ஸ், ஒரே மாதிரி வேலி, எண் மாறினால்தான் பிளாக் மாறியது தெரிகிறது. மரங்களுக்கு அப்பால் சுரங்கத்திலிருந்து எடுத்துக் கொட்டிய மண் மலையாக நின்றது. மழையில் அது இன்னும் கறுத்திருந்தது. எல்லா வீடுகளிலும் ஆட்கள் இருந்தும் ஊர் காலி செய்யப்பட்டதைப் போலத் தோன்றியது எனக்கு மட்டும்தானோ என்னவோ.

9.00. பதினெட்டாவது பிளாக். தங்கராசு நெடிய மனிதர், வலது முட்டி மடங்குவதில்லை. இட்லி வைத்துவிட்டுக் கலைச்செல்விதான் பேசினாள். டெல்லிக் குளிர், இரட்டைக் கம்பளி, ரயிலில் கெட்டுப்போன புளிச்சோறு, எல்லாம் அவள் வாயிலிருந்து வந்தது. சின்ன வயதில் தூங்கப்போகும்போது அம்மா சொன்ன கதைகளாம். அம்மா இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. தங்கராசு தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

10.30. அவள் கறி வாங்க மார்க்கெட்டுக்குக் கிளம்பிய பிறகு அவரே பட்டியலைக் கேட்டார். நான் எடுத்துக் கொடுத்தேன். படிக்காமல் திருப்பித் தந்தார்.

"என் பேரு இருக்காதுங்க. நான் போவல."

இந்திய அணியின் பயிற்சி முகாமுக்கு வரச்சொல்லி அவருக்குக் கடிதம் வந்தது உண்மை. அப்போது அவர் இன்னும் பர்மனென்ட் ஆகவில்லை. நாலு மாதம் பாக்கி. கல்யாணம் ஆன புதிது. பர்மனென்ட் ஆகும்வரை சாவுக்குக்கூட லீவு போடாதே என்பது அன்றைக்கு ஷிப்டில் எல்லோரும் எல்லோருக்கும் சொன்ன புத்தி.

"லீவு கேட்டாலே பேரு கெட்டுப்பூடும்னு பயந்துகினு இருந்தேங்க. லெட்டர மடிச்சி சோத்துப் பையில வெச்சிகினே ஷிப்டுக்குப் போனேன். அங்க யார்கிட்டயும் காட்டல."

பர்மனென்ட் ஆனார். பல வருஷம் கழித்து, முட்டி போனதும் அவரை ஆபீஸ் வேலைக்கு மாற்றினார்கள். அங்கே ஒரு வாலிபால் ஆட்டக்காரரின் லீவு தாளைக் கோப்பில் சேர்க்கும்போதுதான் விதியைப் படித்தாராம். நாட்டுக்காக ஆடப்போகிற நாள் வேலை நாள் கணக்கு. ஒரு நாளும் குறையாது.

"சும்மா ஒரு வார்த்த கேட்டிருந்தா போதும்ங்க" என்றார்.

ஐம்பதில் பிரேசில் உலகக் கோப்பைக்கு நம் அணிக்கு அழைப்பு வந்தது. போகவில்லை. வெறுங்காலோடு ஆட விடவில்லை என்பார்கள், அது கட்டுக்கதை. உலகக் கோப்பையின் அருமை இங்கே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை, ஒலிம்பிக்ஸ்தான் பெரிது என்று இருந்துவிட்டார்கள். அவர்களைத் திட்டி ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறேன். தங்கராசுவைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

ஆண்டுவிழா மேடைகளில் இந்திய வீரர் என்று அவரை அறிமுகப்படுத்துவார்களாம். எழுந்து கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவாராம். ஆமாம் என்றதில்லை, இல்லை என்றதுமில்லை. பெயரைப் போட வேண்டாம், காரணத்தையும் மகளிடம் சொல்லிவிட வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். தலையாட்டினேன்.

2.40. மூவரும் ஆட்டோவில் ஆர்ச் கேட்டுக்கு வந்தோம். நூற்றிருபது ரூபாய், கலைச்செல்வி என்னைக் கொடுக்க விடவில்லை. நிழற்குடைக்குள் நின்றபோது அவள் கேட்டாள், அப்பா பெயர் எத்தனையாவது பக்கத்தில் வரும் என்று. நான் பையின் ஜிப்பை மூடித் திறந்தேன். தலையாட்டியது வேறு, வாய்கூசாமல் பொய் சொல்வது வேறு.

"நான் டெல்லிக்குப் போவல கலை" என்றார் தங்கராசு. "லெட்டர் வந்திச்சி. போவல."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"லீவு தரலியாப்பா?"

"கேக்கவே இல்லம்மா."

மழையில் இரண்டு லாரிகள் கடந்து போயின.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"போஸ்ட்மேன்கிட்ட கையெழுத்து போட்டு லெட்டர வாங்கினதே உங்கம்மாதான்."

இரண்டு கம்பளியும் புளிச்சோறும் அம்மா இட்டுக்கட்டியது என்று அவளுக்கு அப்போது புரிந்திருக்க வேண்டும். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. விழுப்புரம் வண்டி வந்தது. ஏறி உட்கார்ந்தேன். ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றாள். தங்கராசு தள்ளிப்போய் சாலையைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

"போகலைன்னே எழுதுங்க சார்" என்றாள். "ஆனா அப்பா பேரு போட்டு எழுதுங்க."

சரிம்மா என்றேன். போனவர்களுக்குத்தான் எந்தப் போட்டியிலும் பட்டியல் உண்டு. போகாதவரை எந்தப் பக்கத்தில் வைப்பது என்று விழுப்புரம் வரைக்கும் யோசித்தும் பிடிபடவில்லை. இடம் கிடைக்கும்வரை இந்தக் குறிப்பில் இருக்கட்டும்: தங்கராசு, முன்கள ஆட்டக்காரர், நெய்வேலி. டெல்லிக்குப் போகவில்லை.