"நம்பரே நக்கோ மேடம்"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எண்பதுகளின் கடைசியில் ஹைதராபாத்தில் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் மென்பொருள் கையேடு எழுதும் வேலையில் இருந்தபோது, அந்தக் கோபமெல்லாம் பக்க எண்கள் மேல்தான் பாய்ந்தது. "விவரத்துக்குப் பக்கம் 47 பார்க்க" என்று எழுதிவைப்பேன். எஞ்சினியர்கள் நடுவில் இரண்டு பக்கம் செருகுவார்கள். 47-இல் இருந்தது 49-க்குப் போய்விடும். நம்பிப் புரட்டுகிறவன் சம்பந்தமில்லாத இடத்தில் போய் முழிப்பான். பழி என் தலையில்.

பக்கத்து மேசைக்காரர் தலைமுறைகளாகச் செகந்திராபாத்திலேயே இருக்கும் தமிழ்க் குடும்பத்துக்காரர்; வேண்டாம் என்பதற்கு 'நக்கோ', ஆமாம் என்பதற்கு 'ஹவ்' என்று அந்த ஊர் உருது கலந்துதான் பேசுவார். ஒருநாள் என் புலம்பல் தாங்காமல் சொன்னார்: "நம்பரே நக்கோ மேடம். அந்த இடத்துக்கு ஒரு பேர் வைங்க. இங்கே பேரை மட்டும் எழுதுங்க. நம்பரை மெஷினே போட்டுக்கும்."

"போடலேன்னா?"

"ஹவ், போடும்."

அரை மனதோடு புதிய கையேடு முழுக்க எண்களை எடுத்துவிட்டுப் பெயர்களை வைத்தேன். அதை முடித்துக் கொடுக்க வேண்டிய நாளன்று காலையில் திருச்சியிலிருந்து தம்பி டிரங்க் கால் போட்டான். அப்பாவுக்கு நெஞ்சுவலி, பெரியாஸ்பத்திரியில் பன்னிரண்டாம் கட்டில், உடனே வா அக்கா. ரயில் சாயங்காலம்தான். கையேட்டை வாங்கிப்போக மறுநாள் ஆள் வருகிறார்; அதில் எது எங்கே என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். அன்றைக்குப் பார்த்து எஞ்சினியர்கள் இரண்டாம் அத்தியாயத்தில் மூன்று பக்கம் செருகினார்கள்.

பெயர்களைப் பார்த்துப் பக்க எண் போடும் புரோகிராமை ஓட்டினேன். அச்சாகி வந்த தாளில் பக்க எண் இருக்கவேண்டிய இடமெல்லாம் கேள்விக்குறி. அழுகையே வந்துவிட்டது. "உங்க பேச்சைக் கேட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்" என்று அவர் மேல் எரிந்து விழுந்தேன்.

அவர் அசரவில்லை. "முதல் தடவை எது எங்கே இருக்குன்னு பார்த்து வச்சுக்கும். இன்னொரு தடவை ஓட்டுங்க."

ஓட்டினேன். ஒரு கேள்விக்குறிகூட இல்லை. நம்பாமல் ஒவ்வொன்றாகப் புரட்டினேன். சொன்ன பக்கத்தில் சொன்ன விஷயம் இருந்தது. அடுத்ததும் அப்படியே. நகர்ந்துபோன ஒவ்வொன்றையும் பெயரை வைத்தே ஏதோ ஒன்று தேடிப் பிடித்திருந்தது. கோவிலில் நிற்பதுபோல நின்றேன். "ரயிலுக்கு நேரமாச்சு மேடம்" என்று அவர்தான் கிளப்பிவிட்டார்.

மறுநாள் திருச்சி ஆஸ்பத்திரியில் பன்னிரண்டாம் கட்டில் காலியாக இருந்தது. விரிப்பைக்கூட உருவியிருந்தார்கள். அந்தப் பக்கம் வந்த நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு "பன்னிரண்டு, பன்னிரண்டு" என்றேன்.

"காலையிலதாம்மா எல்லாரையும் மாத்திப் போட்டோம். நம்பரை விடு, பேரைச் சொல்லு."

சொன்னேன். அவள் வராந்தாக் கோடியைக் காட்டினாள். அங்கே ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, கஞ்சியில் உப்பில்லை என்று அப்பா தம்பியைத் திட்டிக்கொண்டிருந்தார்.