துவைக்கக் கூடாத பஞ்சு

மகன் வெளிநாடு போனதிலிருந்து சேலையூர் வீட்டில் நானும், அவன் வளர்த்த பன்னிரண்டு தங்கமீன்களும்தான். வாரம் ஒருமுறை போன் செய்வான். முதல் கேள்வியே மீன்களைப் பற்றித்தான்.

என் வீட்டில் ஒரு தூசி பார்க்க முடியாது. மீன்கள் இருந்த ஆறடித் தொட்டியின் ஃபில்டர் பஞ்சு கறுத்துப் போயிருந்ததைப் பார்த்து, சோப்புப் போட்டு வெள்ளை வெளேரென்று துவைத்து வைத்தேன். நான்கே நாளில் தண்ணீர் கலங்கி, நான்கு மீன்கள் செத்து மிதந்தன.

தாம்பரத்தில் இருக்கும் வளர்ப்பு மீன் கடைக்கு ஓடினேன். "ஃபில்டர் கெட்டுப் போச்சு, பெரிசா ஒண்ணு குடுங்க" என்றேன்.

கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். மேலே இருந்த இங்கிலீஷைப் படிக்கத் தெரிந்தவள் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"பஞ்சைக் கழுவினீங்களாம்மா?"

"இல்லையே" என்று பொய் சொன்னேன்.

"எவ்ளோ பெரிய ஃபில்டர் வாங்கினாலும் புதுப் பஞ்சு ஒடனே வேலைக்கு ஆவாதும்மா. மீனோட கழிவைத் திங்கிற நல்ல கிருமிங்க அந்த அழுக்குலதான் கீது" என்றவர், தன் தொட்டியிலிருந்து கறுத்த பஞ்சு ஒன்றை உருவி, தண்ணீரோடு கவரில் கட்டித் தந்தார். "இத்தப் பழைய ஃபில்டர்லயே வைங்க. புதுசு வேணாம்."

கூசிப் போனேன். "துவைச்சது நான்தாம்பா."

"தெரியும்மா. ரொம்ப சுத்தமான வூட்டு மீனுங்கதான் இப்டி சாவும்" என்று சிரித்தார்.

எட்டு மீன்கள் பிழைத்தன. பேர் தெரியாத கடைக்காரரிடம் ஒரே நிமிடத்தில் வந்த உண்மை, பெற்ற பிள்ளையிடம் வர மாட்டேன் என்கிறது. பன்னிரண்டும் சுகம் என்றே சொல்கிறேன். உண்மை தெரிந்து அவன் மீன்களைப் பற்றிக் கேட்பதையே நிறுத்திவிட்டால், பிறகு எங்களுக்குப் பேச என்ன இருக்கிறது?