டாக்டரம்மாவுக்கும் சரோஜாவின் வயிற்றுக்கும் நடுவில் நான்

கான்வென்டில் படித்தவள் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் வாழ்க்கைப்பட்டால், சமையலோடு இன்னொரு சம்பளமில்லாத வேலையும் தலையில் விழும்: அக்கம்பக்கத்துப் பெண்களுக்காக டாக்டரிடம் ஆங்கிலம் பேசுவது. அறுபதுகளில் நான் பட்ட பாடு உங்களில் பலரும் பட்டதுதான்.

கண்ணாடி வளையல்

பக்கத்து வீட்டு சரோஜாவுக்கு நாற்பதைத் தாண்டியும் குழந்தையில்லை. திடீரென்று வயிறு உப்பியது. மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. மாங்காய் வந்தது, வளைகாப்புக்குக் கண்ணாடி வளையல்கூட வந்தது. சரோஜாவோ இரண்டு வாய்க்குமேல் சாப்பிட முடியாமல், கைகால் குச்சியாகி நின்றாள். பிள்ளைத்தாய்ச்சி இப்படியா இருப்பாள்? "முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்" என்றேன். மாமியார் சீறினார்: "இத்தனை வருஷம் கழிச்சு கடவுள் கண்ணைத் தொறந்திருக்கான். நீ டாக்டரை வச்சு மூடப் பாக்குறியா?"

கோழி சமாசாரம்

ஆணா பெண்ணா என்று டாக்டர் தொட்டே சொல்லிவிடுவார் என்று மாமியாரிடம் ஒரு பொய் சொல்லி, சரோஜாவை அழைத்துப் போனேன். சீன டாக்டரம்மா சோதித்துப் பார்த்தார். குழந்தை இல்லை, ஓவரியில் கட்டி, புற்றாக இருக்கலாம், உடனே எடுக்க வேண்டும் என்றார். ஓவரிக்குத் தமிழில் என்ன? எங்கள் பள்ளிக் கன்னியாஸ்திரீகள் உயிரியல் புத்தகத்தில் அந்தப் பக்கங்களைப் பசை போட்டு ஒட்டிவிட்டிருந்தார்கள். "முட்டை உண்டாகிற பை" என்று திணறினேன். குழந்தையில்லை என்று நான் சொன்னதிலிருந்து அழுதுகொண்டிருந்த சரோஜா நிமிர்ந்தாள்: "என்னக்கா, என்னைக் கோழியாக்கிட்டீங்க?"

யாருக்கு ஓய்வு?

புற்றேதான். நல்ல வேளை, பரவியிருக்கவில்லை. சினைப்பை (ஓவரிக்கு அந்தச் சொல்லைப் பிற்பாடுதான் கற்றேன்) இரண்டையும் எடுத்துவிட்டார்கள், பிழைத்தாள். ஏன் வந்தது என்று கேட்கச் சொன்னார் மாமியார். "நிச்சயமாகத் தெரியாது. அவள் குற்றமில்லை. பிள்ளை பெறாதவர்களிடம் இதைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்க்கிறோம். கர்ப்ப காலத்து ஹார்மோன்கள் சினைப்பையின் மாதாந்தர வேலையை நிறுத்தி ஓய்வு கொடுப்பதாலோ என்னவோ" என்றார் டாக்டரம்மா. கருத்தடை மாத்திரையும் அந்த வேலையை நிறுத்தி இந்த ஆபத்தைக் குறைக்கிறது என்பதை நான் படித்தது பல வருஷம் கழித்து. டாக்டரம்மா சொன்னதை நான் தமிழில் சொல்லி முடித்ததும் மாமியார் இடுப்பில் கைவைத்தார்: "ஒம்பது பெத்தவ நான். அதுக்குப் பேரு ஓய்வான்னு அந்தம்மாவைக் கேளு!"

தைப்பூசம்

சினைப்பை போனால் அது சுரக்கும் ஹார்மோனும் போகும், நினைத்த நேரத்தில் உடம்பு கொதிக்கும் என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார். மாமியாரிடம் தொண்டை வறளச் சொன்னேன். அடுத்த தைப்பூசத்தில் சரோஜா பால்குடம் எடுத்தாள். ஊர்வலம் டோபி காட் அருகே வந்தபோது முகம் சிவந்து, வேர்த்துக் கொட்டி, தள்ளாடி நின்றாள். உடனே மாமியார் அவள் நெற்றியில் திருநீற்றை அப்பி, நடுரோட்டில் மருமகள் காலில் விழுந்தார்: "முருகா, வந்துட்டியா! ஹார்பர்ல என் மகன் வேலை எப்பப்பா நிரந்தரமாகும்?" குடத்தை ஒரு கையால் பிடித்தபடி சரோஜா பல்லைக் கடித்தாள்: "எழுந்திரிங்க அத்தை. முருகன் இல்ல, ஹார்மோன் லா!"

டாக்டர் சொல்வதைத் தமிழில் சொல்வது பெரிய வித்தையில்லை. மாமியார்களுக்குப் புரிகிற தமிழைத்தான் இன்னும் எவரும் கண்டுபிடிக்கவில்லை.